குரல்வளை காத்த ஆய்வும் ஒரு சகோதரியின் கேள்வியும்

 

இம்மாதம் இப்பகுதியில் வேறொரு பொருள் பற்றி எழுதக் குறிப்புகள் எடுத்து வைத்திருந்தேன். அதனை ஒத்திவைக்கும்படி செய்துவிட்டது ஒரு சகோதரியின் கடிதம். அவருடைய அத்தா, ஊர் மக்தபில் நெடுங்காலமாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்து வருபவர். பீடிப் பழக்கம் இருந்து, பல்லாண்டுகளுக்கு முன்பே அதனைக் கைவிட்டவர். குரல் கம்மிப் போய் மூன்று மாதமாகியும் தெளியவில்லை. சளிக்கு மருந்து உண்டதும், கஷாயம் குடித்ததும் பலனளிக்கவில்லை. பிறகு சோதித்துப் பார்த்ததில் குரல்வளையில் புற்று என்றும், அதுவும் முற்றிய நிலை என்றும் தெரிய வந்திருக்கிறது.

ஒரு மருத்துவர் குரல்வளையை முழுமையாக எடுத்துவிட வேண்டும் என்கிறார். மற்றொருவர், “எடுக்க வேண்டாம், கீமோதெரபியும் கதிர்வீச்சும் சேர்த்துக் கொடுக்கலாம். உலகெங்கும் மேற்கோள் காட்டப்படும் புகழ்பெற்ற ஆய்வு அதற்கு ஆதாரமாக இருக்கிறது” என்கிறார். சகோதரி கேட்பது இதுதான்: ஓர் ஆய்வு புகழ்பெற்றது என்பதை யார், எதைக் கொண்டு முடிவு செய்கிறார்கள்? அப்படி முடிவு செய்யப்பட்டதை நம்பி அத்தாவின் உயிரை ஒப்படைத்துவிடலாமா?

இரண்டு சிகிச்சைகளில் எது அவருக்கு உகந்தது என்று கூற இப்பகுதிக்குத் தகுதியும் இல்லை, உரிமையும் இல்லை. நோயாளியை நேரில் கண்ட மருத்துவர்களே அதனைக் கூற வேண்டும். ஆனால் சகோதரியின் கேள்விக்கு விடை உண்டு. நம் வீடுகள் பலவற்றிலும் என்றேனும் ஒரு நாள் எழக்கூடிய கேள்வி என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓர் ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தமக்கு முன்னர் எழுதியவர்களுள் எவரெவரைத் துணைக் கொண்டார் என்பதைக் கடைசியில் குறிப்பிடுவது மரபு. ஒரு கட்டுரை இவ்வாறு எத்தனை பேரால் குறிப்பிடப்பட்டது என்று எண்ணிப் பார்த்தால், அதன் செல்வாக்கு ஓரளவு புலப்படும். காது மூக்கு தொண்டை மருத்துவத்தில் ‘அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட நூறு கட்டுரைகள்’ என்பன போன்ற பட்டியல்கள் இப்படி எண்ணித்தான் தொகுக்கப்படுகின்றன. இந்த எண்ணிக்கைக்கு வழி வகுத்தவர் அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்ட். 1955-இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர் இத்திட்டத்தை முன்வைத்தார். 1960-களில் அது மேற்கோள் அட்டவணையாக உருப்பெற்றது. இன்று கணிப்பொறியில் ஒரு கட்டுரையின் பெயரைத் தட்டினால் எண்ணிக்கை உடனே வந்து நிற்கிறது.

கார்ஃபீல்டுக்கு இந்த யோசனை எங்கிருந்து கிடைத்தது என்பது சுவையான செய்தி. அமெரிக்க வழக்கறிஞர்களின் மேசைகளில் 1873 முதலே ‘ஷெப்பர்ட்’ என்னும் அட்டவணை இருந்து வந்தது. ஒரு பழைய தீர்ப்பை நீதிமன்றத்தில் எடுத்துக் காட்டுமுன், அத்தீர்ப்பைப் பின்னர் வந்த நீதிபதிகள் ஏற்றார்களா, திருத்தினார்களா, அடியோடு தள்ளினார்களா என்று அதில் பார்த்துக் கொள்வார்கள். தள்ளப்பட்ட தீர்ப்பைக் காட்டி வாதாடினால் வழக்கு தோற்கும் அல்லவா? மருத்துவத்துக்கு வந்து சேர்ந்த எண்ணிக்கையிலோ இந்த முக்கியமான பகுதி விடுபட்டுப் போயிற்று. நூறு பேர் போற்றினாலும் நூறுதான். நூறு பேர் மறுத்தாலும் நூறுதான். என் கருத்தில், சகோதரியின் கேள்விக்கான பாதி விடை இங்கேயே இருக்கிறது.

எண்ணிக்கைக்குள் அகப்படாமல் போகும் பெரும் பணிகளும் உண்டு. குர்துபாவில் வாழ்ந்த அல் ஸஹ்ராவி, தமது ‘அத்தஸ்ரீஃப்’ நூலில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைத்திருக்கிறார். கத்தியால் கழுத்து அறுபட்ட பணிப்பெண் ஒருத்தியிடம் அவரை அழைத்துச் சென்றனர். காயத்தின் வழியே மூச்சுக் காற்று வெளியேறிக் கொண்டிருந்தது. அவர் காயத்தைத் தைத்துச் சிகிச்சை அளிக்க, அவள் பிழைத்துக் கொண்டாள். குரலில் சிறிது கரகரப்பு மட்டும் ஏற்பட்டது. சில நாட்களில் நலமடைந்தாள். மூச்சுக்குழலில் கீறுவதால் ஆபத்தில்லை என்று அவர் இதிலிருந்து முடிவு கண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஒரு நோயாளியின் குரல் எப்படி ஆயிற்று என்பதையும் மறவாமல் குறித்து வைத்த அந்தக் கவனத்தைப் பாருங்கள்! பின்னர் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் இப்னு ஸுஹ்ர், ஓர் ஆட்டின் மூச்சுக்குழலைக் கீறி, அது ஆறி ஆடு பிழைப்பதைச் சோதித்தே பார்த்தார். எந்தப் பட்டியலிலும் இவர்களுடைய பெயர்களுக்கு எதிரே எண் கிடையாது.

மானுவேல் கார்சியாவின் கதையும் அத்தகையதே. அவர் மருத்துவர் அல்லர். ஸ்பெயினில் பிறந்து, பாரிஸிலும் லண்டனிலும் சங்கீதம் கற்பித்த ஆசிரியர். பாடும்போது தொண்டைக்குள் என்னதான் நிகழ்கிறது என்று காண வேண்டும் என்ற ஏக்கம் அவருக்கு நெடுநாளாக இருந்தது. 1854-இல் பாரிஸில் உலவிக் கொண்டிருந்தபோது, சூரிய ஒளி கண்ணாடியில் பட்டுத் தெறிப்பது கண்ணில் பட்டது. உடனே மருத்துவக் கருவிகள் செய்பவரிடம் சென்று, நீண்ட பிடியுடைய பல் மருத்துவக் கண்ணாடி ஒன்றை ஆறு பிராங்கு கொடுத்து வாங்கினார். அதனை வெந்நீரில் காய்ச்சித் துடைத்து, அண்ணத்தின் பின்புறம் வைத்து, கைக்கண்ணாடியால் ஒளியைப் பாய்ச்சி, தம் குரல் நாண்கள் திறந்து மூடுவதைத் தாமே கண்டார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் இதனை எடுத்துரைத்தார். அப்போது மருத்துவர்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. சில ஆண்டுகளில் டுர்க், செர்மாக் ஆகிய இரு மருத்துவர்கள் அதனை நோயறியும் கருவியாக்கி, யார் முதல் என்று தங்களுக்குள் சச்சரவிட்டுக் கொண்டதும் நடந்தது. கார்சியாவோ 101 வயது வரை வாழ்ந்து, இந்தக் கண்ணாடி உலகமெங்கும் பரவியதைக் கண்டுவிட்டு 1906-இல் காலமானார். இன்று தொண்டைக்குள் பார்க்கும் எந்த மருத்துவரும் கார்சியாவின் கட்டுரையை மேற்கோள் காட்டுவதில்லை. எல்லாருடைய கையிலும் கலந்துவிட்ட ஒன்றுக்கு மேற்கோள் எதற்கு?

இனி, எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்பவற்றைப் பார்ப்போம். பார்பரா ஜேக்கப்சனும் தோழர்களும் 1997-இல் வெளியிட்ட ஒரு வினாத்தாள் அவற்றுள் ஒன்று. அதுவரை குரல் நோயை மருத்துவர் தம் செவியாலும் கருவியாலும் அளந்தார். இவர்கள் நோயாளியையே கேட்டார்கள். முதலில் 85 வினாக்கள் எழுதி 65 நோயாளிகளிடம் கொடுத்து, அவற்றை 30-ஆகக் குறைத்தார்கள். சத்தமான இடத்தில் பிறருக்கு என் பேச்சு கேட்கிறதா, பேசிப் பேசி மூச்சு வாங்குகிறதா, குரலை எண்ணி வெட்கப்பட்டு நாலு பேர் கூடும் இடத்தைத் தவிர்க்கிறேனா என்பன போன்றவை அவை. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், மொத்தம் 120. அரபு உட்படப் பல மொழிகளில் இது பெயர்க்கப்பட்டிருக்கிறது. எவர் குரல் பற்றி ஆராய்ந்தாலும் இந்த அளவுகோலைப் பயன்படுத்துகிறார். பயன்படுத்தியவர் மேற்கோள் காட்டியே ஆக வேண்டும். எண்ணிக்கை ஏறுவதற்கு இதுவே காரணம். தராசு கடைதோறும் இருக்கும். அதனால் தராசே சரக்காகிவிடாது. ஆயினும் கூலியாகக் குரலையே செலவிடும் ஆசிரியர்களுக்கும், ஓதிக் கொடுப்பவர்களுக்கும் இந்த முப்பது வினாக்கள் செய்த நன்மை சிறிதன்று.

அடுத்தது சற்று எச்சரிக்கையோடு சொல்ல வேண்டியது. வயிற்று அமிலம் மேலேறித் தொண்டையைத் தாக்குவதால் குரல் கம்மல், தொண்டை செருமல் முதலியவை வருகின்றன என்று ஜேமி காஃப்மன் என்னும் அமெரிக்க மருத்துவர் 225 நோயாளிகளை ஆராய்ந்து 1991-இல் எழுதினார். மிகுந்த செல்வாக்குப் பெற்ற கட்டுரை அது. அதன் பின்னர், தொண்டை கரகரத்தால் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை என்பது பல நாடுகளில் வழக்கமாகிவிட்டது. இம்மாத்திரை தொண்டைக்கு உண்மையில் பலனளிக்கிறதா என்று 2006-இல் 145 பேரிடம் சோதித்தார்கள். யாருக்கு மருந்து, யாருக்கு வெற்று மாத்திரை என்பதை மறைத்து 16 வாரம் கொடுத்தார்கள். முதன்மையான தொல்லை நீங்கியவர்கள் மருந்து உண்டோரில் 14.7 விழுக்காடு, வெற்று மாத்திரை உண்டோரில் 16 விழுக்காடு! 2021-இல் பிரிட்டனில் 346 பேரிடம் வேறொரு மருந்தைக் கொண்டு நடத்திய சோதனையிலும் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் தேறினார்கள். அமிலம் தொண்டைக்கு ஏறுவதே இல்லை என்று இதற்குப் பொருளன்று. நெஞ்செரிச்சல் உடையோருக்கு அம்மாத்திரை பயன்படுகிறது. எனவே உண்டு வருபவர்கள் தாமாக நிறுத்திவிட வேண்டாம். தொண்டைத் தொல்லை மட்டும் உடைய எல்லாருக்கும் அதனை அள்ளிக் கொடுத்ததற்குப் போதிய ஆதாரம் இருக்கவில்லை என்பதே செய்தி. 1991 கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கையோ இவற்றால் குறையவில்லை. மறுத்தவர்களும் அதனைக் குறிப்பிட்டதால் கூடியே இருக்கும்.

இப்போது சகோதரியின் அத்தாவிடம் வருவோம். மருத்துவர் குறிப்பிட்ட ஆய்வு எது என்று அவர் எழுதவில்லை. ஆனால் எதிலிருந்து இந்தச் சிகிச்சை கிளைத்தது என்பது தெரிந்ததே.

1873 டிசம்பர் 31-ஆம் நாள் வியன்னாவில் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், புற்று தாக்கிய குரல்வளை ஒன்றை முழுமையாக எடுத்தார். நோயாளி 36 வயதான ஆசிரியர். செயற்கைக் குரல்வளை ஒன்றும் அவருக்குச் செய்து பொருத்தினார்கள். சில மாதங்களில் புற்று மீண்டும் தோன்றி அவர் இறந்துபோனார். அதற்குப் பின் அறுவை முறை வெகுவாகச் சீர்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி, முற்றிய குரல்வளைப் புற்றுக்குக் குரல்வளையை எடுத்துப் பிறகு கதிர்வீச்சு கொடுப்பதே பலரும் கைக்கொண்ட வழி. உயிர் நிற்கும்; இயற்கைக் குரல் போகும். கழுத்தில் ஒரு துளை வழியே மூச்சு விட வேண்டும்.

இந்நிலையை மாற்றியது, அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 1991-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியிட்ட ஆய்வு. நோய் முற்றிய 332 பேரைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரு பகுதியாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல் அறுவையும் கதிர்வீச்சும். மறு பகுதியினருக்கு முதலில் கீமோதெரபி, கட்டி நன்கு சுருங்கினால் கதிர்வீச்சு, சுருங்காவிட்டால் அறுவை. இரண்டாண்டு கடந்து பார்த்தபோது இரு பகுதியிலும் உயிரோடிருந்தவர்கள் 68 விழுக்காடு. வேறுபாடு எங்கே என்றால், மறு பகுதியினரில் 64 விழுக்காட்டினருக்குக் குரல்வளை காப்பாற்றப்பட்டிருந்தது. உயிருக்கு விலையாகக் குரலைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற எண்ணம் அன்றோடு தளர்ந்தது. 2003-இல் 547 பேரைக் கொண்டு இன்னொரு பெரிய ஆய்வு வந்தது. கீமோவையும் கதிர்வீச்சையும் ஒரே காலத்தில் கொடுத்தோரில் 88 விழுக்காட்டினருக்கு இரண்டாண்டு முடிவில் குரல்வளை நிலைத்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுத்தோரில் 75. கதிர்வீச்சு மட்டும் பெற்றோரில் 70. சகோதரியின் மருத்துவர் கூறுவது இந்த வழியைத்தான் என்று தோன்றுகிறது. அவர் மிகைப்படுத்தவில்லை, இவை இரண்டும் உண்மையிலேயே உலகின் மருத்துவமனைகளை மாற்றிய ஆய்வுகள்.

ஆனால் சகோதரி, கதை அங்கே முடியவில்லை. முதல் ஆய்வின் உள்ளே ஒரு குறிப்பு இருந்தது. மிகப் பெரிய கட்டி உடையோரில், அதாவது மருத்துவர்கள் டி 4 என்று குறிப்பிடும் நிலையில் இருந்தோரில், பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பின்னர் குரல்வளையை எடுக்க வேண்டியே நேர்ந்தது. ஆகவே 2003 ஆய்வை நடத்தியவர்கள், குருத்தெலும்பைத் துளைத்து வெளியே பரவியது போன்ற பெருங்கட்டி உடையோரை முதலிலேயே சேர்க்காமல் விட்டார்கள். ஆய்வின் முடிவு வெளியூர் போகும்போது இந்த நிபந்தனை கூடப் பயணம் செய்யவில்லை. முடிவு மட்டும் பேசப்பட்டது. எவரிடம் கண்ட முடிவு என்பது பலருடைய நினைவில் நிற்கவில்லை.

2006-இல் ஹாஃப்மனும் அவருடைய குழுவினரும் அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 1985 முதல் 2001 வரையிலான ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குரல்வளைப் புற்று நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். அறுவை குறைந்து கீமோவும் கதிர்வீச்சும் பெருகிய அதே காலத்தில், குரல்வளைப் புற்றாளர் பிழைக்கும் விகிதம் சற்றுக் குறைந்திருக்கக் கண்டு மருத்துவ உலகம் திடுக்கிட்டது. ஒன்று மற்றதற்குக் காரணம் என்று பதிவேட்டைக் கொண்டு மெய்ப்பிக்க இயலாதுதான். எனினும் எச்சரிக்கை மணி ஒலித்துவிட்டது. 2003 ஆய்வில் இருந்தவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 2013-இல் வெளியிட்ட முடிவிலும், குரல்வளையை மிக நன்றாகக் காத்த அந்தப் பகுதியினரிடையே, புற்றல்லாத காரணங்களால் நேர்ந்த இறப்பு மற்றப் பகுதிகளைவிடக் கூடுதலாக இருந்தது. ஏன் என்பது தெளிவாகவில்லை. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கம் 2018-இல் புதுப்பித்த வழிகாட்டியில், பெருமளவில் பரவிய கட்டிகளுக்கும், சிகிச்சைக்கு முன்பே குரல்வளை செயலிழந்துவிட்டவர்களுக்கும் முழுமையாக எடுத்துவிடுவதே உகந்தது என்ற கருத்து இடம்பெற்றது. ஆக, குரல்வளையை எடுக்க வேண்டும் என்ற அந்த முதல் மருத்துவர் பழைய காலத்தவராக இருக்க வேண்டியதில்லை. மிகப் புதிய ஏட்டையே அவர் படித்திருக்கவும் கூடும்.

ஆகவே சகோதரி, “அந்த ஆய்வு எத்தனை பேரால் மேற்கோள் காட்டப்பட்டது?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். “அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்களின் நோய், எங்கள் அத்தாவின் நோயைப் போன்றதா? கட்டி குருத்தெலும்பைத் தாண்டிவிட்டதா? அவர் இப்போது விழுங்கும்போது புரையேறுகிறதா? எந்த நிலையில் உள்ளவர்களை அந்த ஆய்வு விலக்கியது?” என்று இரு மருத்துவர்களிடமும் கேளுங்கள். நல்ல மருத்துவர் இக்கேள்விகளுக்காகச் சினம் கொள்ளமாட்டார். அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், கீமோ மருத்துவர் மூவரும் கூடி அமர்ந்து முடிவெடுக்கும் வழக்கம் பெரிய புற்றுநோய் மருத்துவமனைகளில் இருக்கிறது. அதனைக் கேட்டுப் பெறுங்கள். காலம் கடத்தாமல் கேளுங்கள்.

எடுக்கத்தான் வேண்டும் என்றாகிவிட்டால் அத்தா ஊமையாகிவிடுவார் என்று கடிதத்தில் கண்ணீரோடு எழுதியிருக்கிறீர்கள். அப்படியன்று. 1980-இல் மார்க் சிங்கர் என்னும் அறுவை மருத்துவரும் எரிக் புளோம் என்னும் பேச்சுப் பயிற்சியாளரும் ஒரு வழி கண்டார்கள். மூச்சுக்குழலுக்கும் உணவுக்குழலுக்கும் இடையே சிறு துளையிட்டு, அதில் சிலிக்கோனால் ஆன ஒருவழி அடைப்பானைப் பொருத்துகிறார்கள். கழுத்துத் துளையை விரலால் மூடிக் கொண்டால், மூச்சுக் காற்று அதன் வழியே உணவுக்குழலுக்குள் சென்று அங்குள்ள தசையை அதிரச் செய்து ஒலி எழுப்பும். நாவும் உதடும் வழக்கம்போல் அதனைச் சொல்லாக்கும். குரல் தடித்து, தாழ்ந்து ஒலிக்கும். பழைய குரலாக இராது. அடைப்பானை அவ்வப்போது மாற்ற வேண்டும், பயிற்சியும் வேண்டும். ஆனால் பேச்சு திரும்புகிறது. இதுவும் தொண்டை மருத்துவத்தின் போக்கையே மாற்றிய ஆய்வுகளில் ஒன்று. அத்தாவுக்கு இது பொருந்துமா என்பதை அறுவைக்கு முன்பே கேட்டு வைத்துக் கொள்வது நல்லது.

கடிதத்தின் ஓரத்தில், கல்லூரியில் படிக்கும் மகள் இவற்றைத் தானே பார்த்துத் தெரிந்து கொள்ள இயலுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இயலும். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம், உலகின் மருத்துவக் கட்டுரைகளுடைய சுருக்கங்களை ‘பப்மெட்’ என்ற பெயரில் 1997 முதல் இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. கைப்பேசியிலேயே பார்க்கலாம். 1991, 2003 ஆய்வுகளின் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்க அளவுக்குள்தான் இருக்கும். மகள் முதலில் தேட வேண்டியது, யாரைச் சேர்த்தார்கள் என்று கூறும் வரிகளை. சுருக்கத்தில் அது முழுமையாக இல்லாவிட்டால், கட்டுரையின் உள்ளே ‘நோயாளிகள்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும். அதன் பின்னர், அந்தக் கட்டுரையைக் குறிப்பிட்டுப் பிற்காலத்தில் எழுதியவர்கள் யார் என்று காட்டும் பட்டியலையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டு, அடுத்த முறை அத்தாவை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும்போது அவளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.